ஆற்றுக்கு ஆள் வராதது ஏன்? பெஸ்தாரி ஜெயாவிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா பக்கத்தில், சிலாங்கூர் ஆற்றில் போய்ச் சேரும் ஒரு கிளையாற்றைச் சீர்படுத்த ஒரு குழு தொடங்கியிருக்கிறீர்கள். முதல் கோத்தோங் ரோயோங்குக்கு (ஊர் கூடிச் செய்யும் துப்புரவு வேலை) நல்ல கூட்டம். டீ-சட்டை கொடுத்தார்கள், பொட்டலச் சோறு கொடுத்தார்கள், ஒய்.பி. (தொகுதி உறுப்பினர்) வந்து படம் எடுத்துக்கொண்டார். இரண்டாவதற்குப் பாதிப் பேர். மூன்றாவதற்குக் குழுவில் இருப்பவர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான். "நம்ம ஜனங்களுக்கு அக்கறை இல்லை" என்று ஒருவர் சலித்துக்கொண்டார். மக்களை எப்படிச் சேர்ப்பது, தண்ணீர் நிர்வாகத்தில் நமக்கும் ஓர் இடம் வேண்டுமென்றால் எந்தக் கதவைத் தட்டுவது, சங்கம் பதிவு செய்தே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அக்கறை இல்லை என்ற தீர்ப்பை முதலில் ஓரமாக வையுங்கள், தம்பி. வராதவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுக்கச் சேற்றில் நின்று நெகிழிப் பையையும் பழைய மெத்தையையும் இழுத்துப் போட்டார்கள். அடுத்த பெருமழைக்கு அதே வளைவில் அதே குப்பை வந்து ஒதுங்கியது. மேலே எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கு யாரும் பேசவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் ஒன்று வரவே இல்லை, வந்திருந்தால் பந்தலுக்குள் நாற்காலியில் இருந்தார்கள். இந்த நிலையில் நான்காவது முறையும் உற்சாகமாக வருகிறவரைப் பார்த்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். நீங்கள் மக்களிடம் கையைக் கேட்டீர்கள், வாயைக் கேட்கவில்லை. கோளாறு அங்கேதான்.

நம் பாட்டன்கள் விட்டுவந்த தமிழ்நாட்டு ஊர்களிலேயே இது நடந்திருக்கிறது. ஏரி, கண்மாய், வாய்க்காலை ஊரார் கூடித் தூர்வாரிய குடிமராமத்து வழக்கத்தை இப்போது எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். அது ஓடிக்கொண்டிருந்த காலத்தில் மடையை யார் திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாய்ச்சுவது என்பதும் ஊர் கையில்தான் இருந்தது. (அந்த 'ஊர்' என்பதில் நிலமில்லாதவரும் சேரியும் சேர்த்தி இல்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம். கப்பலேறி இங்கே வந்தவர்களில் பலர் அவர்கள்தான்.) பிரிட்டிஷ் ஆட்சியில் முடிவெடுக்கும் உரிமை அரசுத் துறைகளுக்குப் போனது, மண் வெட்டும் கடமை மட்டும் ஊரிடம் தங்கியது. ஆள் வருவது குறைந்தது. 1858இல் மதராஸ் மாகாணத்துக்கு இதற்கென்றே ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. சட்டம் போட்டும் பெரிய பலன் இல்லை. உங்கள் மூன்றாவது கோத்தோங் ரோயோங்கில் நடந்தது அதன் சின்னப் பதிப்பு.

இனி உங்கள் ஆற்றைப் பற்றி. உங்களிடம் இருக்கும் பலம் உங்களுக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். கோலாலம்பூரும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்நீரில் ஏறத்தாழ 60 விழுக்காடு சிலாங்கூர் ஆற்றிலிருந்து போகிறது. அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையங்கள் உங்கள் வட்டாரத்திலேயே இருக்கின்றன. வறட்சிக் காலத்தில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளிலிருந்து ஆற்றுக்குத் தண்ணீர் இறைப்பதும் உங்கள் பக்கத்தில்தான். 2014இல் சிலாங்கூரில் பல பகுதிகளில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தபோது அந்தக் குட்டைகள் எவ்வளவு பேசப்பட்டன என்பது நினைவிருக்கும். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் கோங் ஆறு என்ற சின்ன ஓடையில் ஒரு தொழிற்கூடத்தின் கழிவு கலந்தது. ஓடையைத் தாண்டிக் குதித்துவிடலாம் போலிருக்கும், ஆனால் அதனால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் நின்றது. கோலாலம்பூரில் மாடிக் குடியிருப்புகளில் வாளியோடு வரிசை நின்றார்கள்.

ஆகவே ஓர் ஓடையின் கரையில் கண் வைத்திருக்கும் நாலு பேர் அரசாங்கத்துக்கும் தண்ணீர் நிறுவனத்துக்கும் தேவைப்படும் ஆட்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு போய்ப் பேசினால் குரலே வேறு மாதிரி வரும். உங்கள் கிளையாறு, நீர் எடுக்கும் இடத்துக்கு மேலே வந்து சேர்கிறதா, கீழே சேர்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மேலே என்றால் கழிவுநீருக்கான விதி கடுமை. சாக்கடை சுத்திகரித்து வெளியே விடும் நீரில் பி.ஓ.டி. (கழிவு மக்கும்போது தண்ணீரிலிருந்து இழுக்கும் உயிர்வாயு, அதாவது ஆக்ஸிஜன்) அளவு லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கீழே என்றால் 50 வரை விடலாம். கீழே சேர்கிறது என்றால் உங்களுக்கு வேறு கூட்டாளிகள் உண்டு. கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகு விடுகிறவர்கள், ஊடாங் காலா (ஆற்று இறால்) பிடிக்கிறவர்கள். அவர்கள் பிழைப்பே அந்தத் தண்ணீரில்தான்.

தண்ணீரைப் பார்த்துப் படிக்கத் தெரியாமல் புகார் எழுதக் கூடாது. உங்கள் பக்கத்துக் குழுக்கள் மதிப்பிழப்பது பெரும்பாலும் இதனால்தான். ராஜா மூசா சதுப்புக் காட்டுப் பக்கமிருந்து வரும் நீர் தே ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் இருக்கும். புளிப்புத்தன்மை அதிகம், பி.எச். நான்கை ஒட்டிக்கூட இருக்கும். அது மக்கிய இலையும் வேரும் தரும் இயற்கை நிறம். அதைப் படம் பிடித்து 'ஆலைக் கழிவு' என்று அனுப்பினால் அதிகாரி வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார், அடுத்த முறை உண்மையான கழிவு வந்தாலும் வரமாட்டார். பால் கலந்த தே தாரே நிறத்தில் வந்தால் மேலே மணல் எடுக்கிறார்கள், அல்லது காட்டை அழித்து மண்ணைத் திறந்து போட்டிருக்கிறார்கள். மழை விட்டு இரண்டு மூன்று நாளாகியும் கலங்கல் தெளியவில்லை என்றால் மழை காரணமில்லை.

செம்பனை ஆலைக் கழிவு வேறு மாதிரி. அடர்ந்த பழுப்பு, மேலே எண்ணெய்ப் படலம், குமட்டும் புளித்த வாடை. ஆலையிலிருந்து வரும் சுத்திகரிக்காத கழிவுநீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். வீட்டுச் சாக்கடையைவிட நூறு மடங்கு. அது மக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் உயிர்வாயுவையெல்லாம் இழுத்துக்கொள்வதால் மீன் மூச்சு முட்டிச் சாகிறது. 1977இல் வந்த விதிகள் வெளியே விடும் நீருக்கான வரம்பை 5,000இல் தொடங்கிப் படிப்படியாக இறக்கி 1984இல் 100க்குக் கொண்டுவந்தன. வரிசையாக வெட்டிய குளங்களில் வாரக்கணக்கில் தேக்கிவைத்து மக்கவிட்டுத்தான் அந்த அளவுக்கு இறக்குகிறார்கள். ஒழுங்காகப் பராமரிக்கும் ஆலைகள் இதைச் செய்கின்றன, எல்லா ஆலையையும் குற்றவாளி ஆக்க வேண்டியதில்லை. குளத்து அடியில் சேறு ஏறி ஆழம் குறைந்து, அதோடு பெருமழையும் சேரும்போதுதான் கடைசிக் குளம் வழிகிறது. அது பெரும்பாலும் இரவில் நடக்கும். நீரில் உயிர்வாயு ஆகக் குறைவாக இருக்கும் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதிகாரி பதினொரு மணிக்கு வந்து சேரும்போது கழிவு கீழே போயிருக்கும்.

விடியற்காலையில் அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்? ஆறரை மணிக்குப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிற தோட்டத்து ஆள். அவர் இல்லாமல் இந்த ஆற்றைக் காவல் காக்க முடியாது. ஆனால் உங்கள் குழுவின் பட்டியலில் ஆசிரியர்கள், கோவில் பொறுப்பாளர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், இளைஞர் மணிமன்றத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். குலை அறுக்கிறவர் ஒருவர்கூட இல்லை. மருந்து அடிக்கிற பெண்களும் இல்லை. எந்த வயலில் எந்த மருந்து அடிக்கிறார்கள், முதுகு டாங்கியை எந்த வாய்க்காலில் கழுவுகிறார்கள் என்பது அந்த அக்காமார்களுக்குத்தான் தெரியும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 முதல் இந்நாட்டில் தடை. மாற்றாக வந்தவற்றைக் கையாளும் முறை எப்படி என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு ஆய்வறிக்கை அளவுக்குச் சொல்வார்கள்.

இன்னொன்று, சொன்னால் சிலருக்குக் கசக்கும். இன்றைக்குத் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், பங்களாதேஷிகள், நேப்பாளிகள். நம் பிள்ளைகள் தாமானுக்கும் (வீடமைப்புப் பகுதிக்கும்) பட்டணத்துக்கும் போய்விட்டார்கள். 'தோட்டத்து மக்கள்' என்று நாம் பேசும்போது நம்மை மட்டும் நினைத்துக்கொண்டால் ஆற்றங்கரையில் உண்மையில் குளிக்கிறவர், மீன் பிடிக்கிறவர் கணக்கில் வராமல் போவார். அவர்களுக்குப் பெர்மிட் பயம் உண்டு. பெயர் எழுத வேண்டாம், கையெழுத்துக் கேட்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். கடைக்காரரிடமோ மேற்பார்வை மண்டோரிடமோ வாய்வார்த்தையாகச் சொன்னால் போதும் என்று ஏற்பாடு செய்யுங்கள். அதேபோல் மேல்பகுதியில், கோல குபு பாரு பக்கம், தெமுவான் பூர்வகுடிகள் இருக்கிறார்கள். சிலாங்கூர் ஆற்று அணைக்காகப் பெரேத்தாக், கெராச்சி என்ற இரண்டு கிராமங்களும் இடம் மாற்றப்பட்டன. ஆற்றைப் பற்றி முடிவெடுக்கும்போது யாரிடம் எப்படிக் கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவர்களோடு ஒரு மாலை உட்காருங்கள். குட்டையில் மீன் வளர்க்கும் சீனர்கள், தூண்டில் போடும் மலாய்க்கார பாக்சிக் (பெரியவர்), எல்லோரும் இந்தக் கணக்கில் வர வேண்டும். நம் சமூகத்துக்கு ஓர் இடம் கேட்டு வாதாடுகிறவர்கள் மற்றவர்களுக்கு இடம் விட்டு வாதாடினால்தான் அந்த வாதம் நிற்கும்.

கூட்டம் என்றால் கலந்துரையாடல் என்று பெயர் வைத்து வேலை நாளில் காலை பத்து மணிக்கு மாவட்ட அலுவலகத்தில் கூட்டுகிறார்கள். அந்த நேரத்தில் அறுப்புக்காரர் மரத்தடியில் இருப்பார். நான் போயிருந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த இலாகா என்பது வேண்டாம். ஆலோசகர் ஒருவர் திரையில் வரைபடம் போட்டார். ஆற்றின் இரு பக்கமும் ஒரே பச்சை, 'பெர்தானியான்' (விவசாயம்) என்று ஒரு சொல், அவ்வளவுதான். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்து, "எங்க லயம் எங்க ஐயா? மாமியா காலத்துலேருந்து அங்கதான இருக்கோம்?" என்றார். திரைக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்து, "இந்த எடத்துல ஒரு கொழாய்ப் பாலம் இருக்கு, வெட்டின ஓலையெல்லாம் வந்து அதுல அடைச்சுக்கும், அப்பத்தான் தண்ணி வீட்டுக்குள்ள வருது" என்று காட்டினார். மலாயில்தான் சொன்னார், பாசார் மலாய். பொறியாளர் இறங்கி வந்து அந்த இடத்தைத் தன் கையாலேயே குறித்துக்கொண்டார். குழாய்ப் பாலத்தில் அடைத்திருந்த ஓலையை வாரிவிட்டார்கள். அதற்கடுத்த கூட்டத்துக்கு அந்த லயத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்தது. யாரும் சோறு போடுவதாகச் சொல்லவில்லை.

இதைத்தான் உங்கள் குழு செய்ய வேண்டும் என்பேன். அடுத்த ஆறு மாதத்துக்குக் குப்பை பொறுக்குவதை நிறுத்திவையுங்கள். நுண்ணுயிர் கலந்த மண் உருண்டை எறியும் விழாவும் வேண்டாம், மூலத்தை அடைக்காமல் உருண்டை எறிந்து ஆறு தேறப்போவதில்லை. பண்டாராயா என்ற வெளிநாட்டு மீனைப் பிடிக்கும் போட்டி வைத்தால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம், வையுங்கள், ஆனால் அதை ஆற்றுச் சீரமைப்பு என்று அறிக்கையில் எழுதாதீர்கள். முதலில் ஒரு பெரிய மணிலா அட்டையில் ஆற்றை வரைந்து கோவில் மண்டபத்திலோ சாப்பாட்டுக் கடையிலோ விரியுங்கள். வெள்ளம் ஏறும் இடம், பிள்ளைகள் குளிக்கும் இடம், கரகம் எடுக்கும் துறை, வாடை வரும் இடம், முன்பு விரால் கிடைத்து இப்போது கிடைக்காத இடம் என்று ஆளுக்கொரு பேனாவால் போடச் சொல்லுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வைத்தால் வேலை முடிந்தவர்கள் வருவார்கள், பெண்களுக்குத் தனியாக ஒரு முறை வையுங்கள். ஆண்கள் இருந்தால் மருமகள் பேசமாட்டாள், நம் வழக்கம் அப்படி.

பிறகு ஒரு குறிப்பேடு. தேதி, மணி, முந்தின நாள் மழை பெய்ததா, நிறம், வாடை, மீன், எந்தப் பாலத்திலிருந்து பார்த்தது. கைப்பேசிப் படத்தில் பாலமோ மின்கம்பமோ தெரிகிற மாதிரி எடுங்கள், வெறும் தண்ணீர்ப் படம் எந்த ஊர்த் தண்ணீராகவும் இருக்கலாம். அளவு எடுக்க ஆசை என்றால் கலங்கல் பார்க்கும் குழாய், பி.எச். தாள், உயிர்வாயு சோதனைப் பெட்டி இவை போதும். நாட்டின் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவுகளை வைத்துப் போடப்படுகிறது: உயிர்வாயு, பி.ஓ.டி., சி.ஓ.டி. (கழிவை இரசாயன முறையில் சிதைக்கத் தேவைப்படும் உயிர்வாயு), அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் துகள்கள், பி.எச். இதில் அம்மோனியாவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் ஆற்றுநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் குளோரின் சரிவர வேலை செய்யாது, நிலையத்தை நிறுத்த வேண்டிவரும். அம்மோனியாவைக் கொண்டுவருவது சாக்கடை, பண்ணை, குப்பைமேட்டிலிருந்து கசியும் நீர். உங்கள் ஊரிலேயே சிலாங்கூர்ப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, மாணவர்களோடு சேர்ந்து செய்தால் எண்ணுக்கும் மதிப்பு வரும்.

உங்கள் போத்தல் நீதிமன்றத்தில் செல்லாது. அதிகாரி தானே மாதிரி எடுத்து, முத்திரை வைத்து, இரசாயனத் துறைக்கு அனுப்பினால்தான் வழக்கு. உங்கள் குறிப்பேட்டின் வேலை அவரைச் சரியான நாளில், சரியான மணிக்கு வரவைப்பது. "ஒவ்வொரு பெருமழைக்கு மறுநாள் விடிகாலையிலும் இப்படி ஆகிறது, இதோ பாருங்கள்" என்று காட்டினால் அவர் அந்த நேரத்துக்கு வர வேண்டிய கட்டாயம் வருகிறது.

அதிகாரி என்றால் எந்த அதிகாரி? இங்கேதான் எல்லோரும் களைத்துப்போகிறார்கள். அரசியலமைப்புப்படி நிலமும் ஆறும் மாநிலத்தின் கையில். 1920ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் ஆறுகளை மாநில ஆட்சியாளரின் உடைமை என்கிறது. குடிநீர் விநியோகம் மட்டும் 2005 திருத்தத்தில் மத்திய அரசுக்கும் பொதுவானது, அதற்கு ஸ்பான் என்ற தேசிய நீர்ச் சேவை ஆணையம். சிலாங்கூரில் ஆற்றுநீருக்கு 1999 சட்டத்தில் அமைந்த லுவாஸ் என்ற மாநில நீர் நிர்வாக அமைப்பு. ஆலைக் கழிவுக்கு 1974 சட்டப்படி சுற்றுச்சூழல் துறை. 2024இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி உச்ச அபராதத்தை ஒரு கோடி ரிங்கிட் வரை ஏற்றியிருக்கிறார்கள். வெள்ளத்துக்கும் கரைக்கும் ஜே.பி.எஸ். (வடிகால், நீர்ப்பாசனத் துறை), குப்பைக்கு நகராண்மைக் கழகம், மணலுக்கு நில அலுவலகம். ஆளாளுக்குக் கை காட்ட இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டாம். இதற்கு நான் கண்ட வழி: ஒரே கடிதம், ஒரு பக்கம், மலாயில். முகவரியில் ஒருவர் பெயர், அடியில் 'எஸ்.கே.' (நகல் பெறுவோர்) என்று போட்டு மற்ற எல்லோரையும் எழுதிவிடுங்கள். தன் மேசைக்கு வந்த கடிதம் பக்கத்து இலாகாவுக்கும் போயிருக்கிறது என்று தெரிந்தால் கோப்பு நகரும். கோப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், இரண்டு வாரம் கழித்து அந்த எண்ணைப் போட்டே மறுகடிதம் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் ஒய்.பி.யின் உதவியாளரிடம் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது.

தோட்ட நிர்வாகத்தோடு சண்டையில் தொடங்க வேண்டாம். அவர்களிடம் கேட்க நல்ல ஒரு பிடி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. எம்.எஸ்.பி.ஓ. (மலேசிய நிலைத்த செம்பனை எண்ணெய்) சான்றிதழ் 2020 ஜனவரி முதல் செம்பனைத் துறைக்குக் கட்டாயம். அதன்படி தோட்டம் சுற்றுவட்டார மக்களைக் கலந்து பேச வேண்டும், புகார் பதிவு வைத்திருக்க வேண்டும், ஓடைக்கரையில் காப்புப் பகுதி விட வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை வரும். அலுவலகத்தில் போய், "கலந்தாலோசனைக் கூட்டம் எப்போது, எங்களையும் பட்டியலில் சேருங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். உங்கள் புகார் அந்தப் பதிவேட்டில் ஏறிவிட்டால் தணிக்கையாளர் அதைப் படிப்பார்.

கரைக்காப்பு பற்றி எண் தெரிந்து பேசுங்கள். ஜே.பி.எஸ். வழிகாட்டுதலின்படி ஆற்றின் அகலம் 5 முதல் 10 மீட்டர் என்றால் இரு பக்கமும் 10 மீட்டர் விட வேண்டும், 10 முதல் 20 என்றால் 20 மீட்டர், 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றுக்கு 50 மீட்டர். பழைய தோட்டங்களில் தண்ணீர் விளிம்பு வரை மரம் நட்டுவிட்டார்கள். நிற்கிற மரத்தை வெட்டு என்றால் எந்த மானேஜரும் கேட்கமாட்டார். ஆனால் செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒரு முறை வெட்டி மறுநடவு செய்தே ஆக வேண்டும். எந்தக் கட்டம் எந்த ஆண்டு மறுநடவுக்கு வருகிறது என்று அலுவலகத்தில் தெரியும். அந்த ஆண்டில் கரையோர வரிசைகளை நடாமல் விடுங்கள், மருந்தும் உரமும் அங்கே போடாதீர்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். மூங்கிலும் வெட்டிவேரும் நடும் வேலையைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். கோத்தோங் ரோயோங் என்றால் இதற்கு வையுங்கள், ஆள் வரும், ஏனென்றால் நட்டது நிற்கும்.

இனி நம் வீட்டு விஷயம். நம் கோவில்களில் பல ஆற்றோரத்தில் இருக்கின்றன, தோட்டம் இருந்தவரை நிர்வாகத்தின் வாய்ச் சம்மதத்தில் நின்றவை. நிலம் கைமாறியபோது சில, ஆற்று ஒதுக்கு நிலத்தில் மாட்டிக்கொண்டன. அதனால் 'ஆற்றைச் சீரமைக்கிறோம்' என்ற பேச்சு வந்தாலே கோவில் கமிட்டியார் வாயை மூடிக்கொள்வார்கள். அளவெடுக்க யாராவது வந்தால் அடுத்தது உடைக்கத்தான் வருவார்கள் என்ற பயம். ஆற்றங்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவருக்கும் அதே பயம். உங்கள் வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் தோட்டத்து மக்கள் வீட்டுக்காக எத்தனை காலம் போராட வேண்டியிருந்தது என்பது ஊருக்கே தெரியும். அந்த அனுபவம் உள்ளவர்கள் எந்தத் திட்டத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். ஆகவே அவர்களை அழைக்கும் முன், இந்தச் சீரமைப்பால் யார் வீடும் யார் கோவிலும் பேச்சுவார்த்தை இல்லாமல் நகராது என்று மாவட்ட அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரமாட்டார்கள் என்றால் அதையும் மக்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கோவில் தரப்பிலும் செய்ய வேண்டியது உண்டு. திருவிழா முடிந்த மறுநாள் அந்தத் துறையில் போய் நில்லுங்கள். நைலான் நூலில் கோத்த மாலை, ஈமக்கிரியை முடித்து விட்ட வேட்டி, படத்துக்குப் போட்ட கண்ணாடி, கற்பூர டப்பா, எலுமிச்சைப் பழம் கட்டி வந்த நெகிழி உறை எல்லாம் படிக்கட்டில் அடுக்கடுக்காகக் கிடக்கும். வெளியார் வந்து குறை சொன்னால் நமக்குக் கோபம் வரும், ஐயரோ பண்டாரமோ மைக்கில் சொன்னால் கேட்பார்கள். வாழைநாரில் கட்டிய மாலை மட்டும் நீரில் விடலாம், மற்றதைத் தொட்டியில் போடுங்கள் என்று ஒரு வரி, பூசை தொடங்கும் முன்.

நிர்வாகத்தில் இடம் கேட்பது பற்றி. நகராண்மைக் கழக உறுப்பினர்கள் நியமனம்தான். உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, பிறகு 1976 சட்டம் அதை முடித்தே வைத்துவிட்டது. ஆகவே ஓட்டுப் போட்டு மாற்ற வழியில்லை, இருக்கும் சட்டச் சன்னல்களைத்தான் பயன்படுத்த வேண்டும். வட்டாரத் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் பெறுவதற்கு 1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் குறைந்தது நான்கு வாரம் தருகிறது. ஆற்றோரத்தில் எது வரும் என்பது முடிவாவது அங்கேதான். பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் பார்வைக்கு வரும். இந்த இரண்டையும் கவனிக்க உங்கள் குழுவில் ஒரே ஒருவரை ஒதுக்குங்கள், மலாய் நன்றாகப் படிக்கத் தெரிந்த இளைஞராக. சிலாங்கூரில் இந்தியச் சமூகத் தலைவர்கள் நியமனம் உண்டு, உங்கள் பகுதியில் இருப்பவரையும் நகராண்மைக் கழக உறுப்பினரையும் குறிப்பேட்டோடு போய்ப் பாருங்கள்.

கேட்கும்போது 'எங்களையும் சேருங்கள்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கூட்டக் குறிப்பு எங்களுக்கு வர வேண்டும், எங்கள் புகாருக்கு என்ன செய்தீர்கள் என்பது அடுத்த கூட்டத்தில் முதல் அங்கமாக இருக்க வேண்டும், ஆலைக் குளங்களை அதிகாரி பார்வையிடும்போது ஊர்ப் பிரதிநிதி ஒருவர் கூட வர வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சபாவில் தாகால் என்று ஒரு முறை இருக்கிறது. ஆற்றின் ஒரு பகுதியில் மீன் பிடிக்கக் கூடாது என்று கிராமமே தடை போடும், மீறினால் கிராமமே சோகிட் என்ற தண்டம் வாங்கும், குறித்த காலத்தில் திறந்து எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். 2003இல் மாநிலச் சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது. கிராமத்துக்கு மீனும் கிடைக்கிறது, தண்டம் போடும் உரிமையும் இருக்கிறது. அந்த அளவு அதிகாரம் சிலாங்கூரில் நமக்கு இப்போதைக்குக் கிடைக்காது, ஆனால் கேட்கும்போது எதை நோக்கிக் கேட்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சங்கப் பதிவுக்கு வருகிறேன். ஏழு பேர் இருந்தால் 1966 சங்கச் சட்டப்படி பதிவுக்குப் போகலாம். ஆனால் இப்போதே போக வேண்டாம் என்பது என் எண்ணம். பதிவு செய்த மறுநாளே தலைவர் யார், பொருளாளர் யார் என்ற பேச்சு வந்துவிடும், ஆற்றை மறந்துவிடுவோம். முதல் ஆண்டு ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பின் கீழோ பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கீழோ ஒரு பணிக்குழுவாக இருங்கள், கடிதத் தலைப்பு கிடைக்கும், மற்ற இனத்தவரும் தயங்காமல் உள்ளே வருவார்கள். மானியம் வாங்கவோ வங்கிக் கணக்குத் திறக்கவோ தேவை வரும்போது பதிவு செய்துகொள்ளலாம். அதற்குள் உங்கள் குறிப்பேட்டில் ஒரு மழைக்காலம் முழுக்கப் பதிவாகியிருந்தால் விண்ணப்பத்தோடு இணைக்க அதைவிடச் சிறந்த தாள் வேறில்லை. வரைபடத்தை விரித்தபின் என்ன வந்தது என்று எழுதுங்கள், கடிதத்தின் மலாய் வரைவைப் பார்த்துத் தருகிறேன்.